கால்கள் வீங்காமல் கனடா வரை: ஓர் ஆசிரியைக்கு வைத்தியரின் பதில்

களுவாஞ்சிகுடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கொப்பித் தாளில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 63. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சீனி வருத்தம் இருக்கிறது. காலையும் இரவும் இன்சுலின் போடுகிறார். பிரஷருக்கு ஒரு குளிசையும், நீர் போவதற்கு ஒரு குளிசையும் எடுக்கிறார். உயரம் 4 அடி 10 அங்குலம், எடை 74 கிலோ. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. இடது கெண்டைக்காலில் நாளங்கள் சுருண்டு புடைத்திருக்கின்றன. ரொறன்ரோவில் வசிக்கும் மகளுக்குத் தை மாதக் கடைசியில் பிரசவம் என்பதால், அதற்கு முன்னர் அங்கே போய்ச் சேர வேண்டும். பயணச்சீட்டு வளைகுடா வழியாகப் போடப்பட்டிருக்கிறது: கட்டுநாயக்கவிலிருந்து ஏறத்தாழ ஐந்து மணி நேரம், இடையில் மூன்று மணி நேரக் காத்திருப்பு, அதன் பின்னர் ஒரே மூச்சில் பதினான்கு மணி நேரம். எல்லாமே சாதாரண வகுப்பு.

இவருடைய அக்கா இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் பாரிஸிலிருந்து திரும்பிய கிழமையிலேயே ஒரு கால் வீங்கி, உள்ளே குருதி கட்டியிருக்கிறது என்று வாட்டில் மறிக்கப்பட்டாராம். அன்று பிடித்த பயம் இவரை இன்னும் விடவில்லை. அயலில் உள்ளவர்களோ ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். முதல் நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினால் கழிவறைக்கு எழும்ப வேண்டியதில்லை என்கிறார் ஒருவர். அஸ்பிரின் இரண்டைப் போட்டால் இரத்தம் கட்டாது என்கிறார் இன்னொருவர். தூக்கம் வரவைக்கும் பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசையைப் போட்டுப் படுத்தால் கண் விழிக்கும்போது கனடா என்கிறார் மூன்றாமவர். மகள் மேலதிகப் பணம் கட்டிக் கால் நீட்டக்கூடிய இருக்கை எடுத்துத் தருவதாகவும், சக்கர நாற்காலிக்குப் பதிவு செய்வதாகவும் சொல்கிறார். அப்படிப் போனால் நோயாளி என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ, சம்பந்தி வீட்டார் கண் முன்னால் சக்கர நாற்காலியில் வந்து இறங்குவதா என்று இவர் தயங்குகிறார். "நான் போகலாமா, போனால் எப்படித்தான் உட்கார்ந்திருப்பது?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள ரீச்சர்,

நீங்கள் போகலாம். கிளினிக்கில் உங்கள் சீனியும் பிரஷரும் கட்டுக்குள் இருந்தால், நெஞ்சுவலியோ மூச்சு வாங்குவதோ இல்லையென்றால், நீங்கள் எழுதிய எதுவும் பயணத்தைத் தடுக்கும் காரணம் அன்று. ஆனால் உங்கள் கணக்கு ஓரிடத்தில் பிழைக்கிறது. பயணம் கட்டுநாயக்கவில் தொடங்குவதாக நினைத்துப் பத்தொன்பது மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கால்களுக்கு அது வாசலில் வான் வந்து நிற்கும்போதே தொடங்கிவிடுகிறது. 300 கிலோமீற்றருக்கு மேல் இரவு முழுவதும் வானில் மடங்கியிருந்து, விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்து, அதன் பிறகு ஆகாயத்தில் பத்தொன்பது மணி நேரம் என்றால், முப்பது மணி நேரத்துக்கு மேல் ஒரே மடிப்பில் இருக்கப் போகிறீர்கள். குருதி உறைவதற்குக் காரணமான அசையாமை பஸ்ஸிலும் ரயிலிலும் வானிலும் ஒன்றுதான். விமானத்துக்கு மட்டும் உரிய வியாதி அது இல்லை. ஆகவே முடிந்தால் ஒரு நாள் முந்திப் புறப்பட்டு, நீர்கொழும்புப் பக்கத்தில் ஓர் இரவு காலை நீட்டிப் படுத்துவிட்டு விமானம் ஏறுங்கள். முடியாவிட்டால் பொலன்னறுவை, ஹபரணை, குருணாகல் என்று குறைந்தது மூன்று இடத்திலாவது வானை நிறுத்தச் சொல்லிப் பத்து நிமிடம் நடவுங்கள். சாரதி முறைப்பார், முறைக்கட்டும்.

உங்கள் பயத்தின் அளவையும் பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் கால் நாளங்களில் குருதி கட்டும் ஆபத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகிறது. இருந்தும், சுகதேகியான ஒருவரை எடுத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 6000 பேரில் ஒருவருக்கு நேர்வது. 350 பேர் ஏறும் விமானங்கள் பதினேழு நிறைந்து போனால் அதில் ஒருவர். உங்கள் நிலை அதைவிடக் கூடுதலானது என்பதை மறைக்க மாட்டேன். வயது, உடல் எடை, சுருண்ட நாளம், உடன்பிறந்த அக்காவுக்கு வந்தது ஆகிய நான்கும் சேர்கின்றன. ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். அது உங்கள் உயரம். 160 சென்ரிமீற்றருக்குக் குறைந்தவர்களுக்கு விமானப் பயணத்தில் இந்த ஆபத்துச் சற்றுக் கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள்.

ஏன் என்பதை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பார்க்கலாம். உயரமான கதிரை ஒன்றில் முதுகு சாயும்படி உட்காருங்கள். குதிக்கால் நிலத்தைத் தொடாது. கால் தொங்கும்போது கதிரையின் முன் விளிம்பு தொடையின் பின்புறத்தில், முழங்கால் மடிப்புக்குச் சற்று மேலே அழுத்தும். குருதி மேலே திரும்பிப் போகும் நாளம் அந்த வழியேதான் போகிறது. 1940இல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் பதுங்குமிடங்களில் இரவிரவாகச் சாய்மானக் கதிரைகளில் தூங்கியபோது, நுரையீரலுக்குக் குருதிக்கட்டி போய்ச் சடுதியாக இறந்தவர்களின் தொகை கூடியதை மருத்துவர் கீத் சிம்ப்சன் கவனித்து எழுதினார். கதிரையின் முன்சட்டம் தொடையை அழுத்தியதைத்தான் அவரும் சுட்டினார். ஆகவே காலுக்கடியில் எதையாவது வைப்பதுதான் உங்களுக்கு முதல் வைத்தியம். சிறிய கைப்பையில் ஒரு சாறியையும் துவாயையும் மடித்து வைத்து, அதை முன் இருக்கையின் கீழே தள்ளி, இரண்டு பாதமும் முழுதாகப் பதியும்படி வையுங்கள். முழங்கால் இடுப்பின் மட்டத்துக்கு வந்தால் போதும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் பையை உள்ளே நன்றாகத் தள்ளிவிடுங்கள். இன்னொரு துவாயைச் சுருட்டி இடுப்பின் வளைவில் முட்டுக் கொடுத்தால் நாரிப்பிடிப்பும் குறையும். கடையில் விற்கும் கழுத்துத் தலையணையை விட இந்த இரண்டும் உங்களுக்கு அதிகம் உதவும்.

கைவிட வேண்டிய மூன்று யோசனைகள்

தண்ணீரை நிறுத்துவது மிகத் தவறானது. விமானத்தின் உள்ளே காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 20 வீதத்துக்கும் கீழே இருப்பதால் கண்ணும் மூக்கும் உதடும் காய்கின்றன; அதோடு நீர் போகும் குளிசையும் எடுத்துக்கொண்டு குடிக்காமலும் இருந்தால் சீனி ஏறும், தலை சுற்றும். குடம் குடமாகக் குடிக்க வேண்டியதில்லை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு சிறிய கோப்பை போதும். பிளேன்டீயும் குடிக்கலாம், சீனி போடாமல். கழிவறைக்கு எழும்புவதைத் தொல்லையாக நினைக்கிறீர்கள். நான் அதை மருந்தாக நினைக்கிறேன். நீர் போகும் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். புறப்படும் நாளில் அதை எத்தனை மணிக்கு எடுப்பது என்று கிளினிக்கில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அஸ்பிரின் முக்கியமாக இதய நாடிகளிலும் மூளை நாடிகளிலும் ஏற்படும் அடைப்புக்கு உதவுவது. கால் நாளத்தில் கட்டும் குருதிக்கு, பயணத்துக்கென்று அதைப் போடும்படி வைத்தியர்கள் சிபாரிசு செய்வதில்லை. வெறும் வயிற்றில் போட்டால் இரைப்பையில் குருதி கசியவும் கூடும். இதயத்துக்காக ஏற்கெனவே எடுப்பவர்கள் தொடரலாம், அவ்வளவுதான். முன்னர் தமக்கே குருதி கட்டியவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோருக்கு வேறு வகை ஊசி கொடுப்பதுண்டு. உங்கள் அக்காவின் கதையை வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த ஊசி உங்களுக்குத் தேவையா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

பிரிட்டன் குளிசையை நினைத்தால்தான் எனக்கு உண்மையில் பயம். அறுபது தாண்டியவர்களுக்கு அது தடுமாற்றத்தையும் மறதியையும் தரும், சிறுநீரையும் மறிக்கும். மயக்கத்தில் தூங்குபவர் காலை அசைப்பதில்லை. அதைவிட, இன்சுலின் போட்டவருக்குச் சீனி இறங்கினால் வியர்வையும் நடுக்கமும்தான் எச்சரிக்கை மணி. ஆழ்ந்த தூக்கத்தில் அந்த மணி உங்களுக்கும் கேட்காது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

எந்த இருக்கை

மகளின் பணத்தைச் சரியான இடத்தில் செலவழிப்போம். அவசரக் கதவடி இருக்கையில் கால் நீட்ட நிறைய இடமுண்டு. ஆனால் ஆபத்து நேரத்தில் கதவைத் திறந்து உதவக்கூடிய உடற்பலம் உள்ளவர்களுக்கே அதைக் கொடுப்பார்கள். முழங்கால் தேய்மானமும் சக்கர நாற்காலிப் பதிவும் உள்ள உங்களைக் கடைசி நிமிடத்தில் எழுப்பி வேறிடத்தில் இருத்திவிடுவார்கள். சுவருக்கு எதிரேயுள்ள முதல் வரிசையும் நல்லதுதான் என்பார்கள். ஆனால் கைக்குழந்தைத் தொட்டில் மாட்டுமிடம் அதுதான். அத்தோடு முன்னால் இருக்கை இல்லாததால் நான் மேலே சொன்ன பையைக் கீழே வைக்கவும் இடமிராது. உங்களுக்கு அது சரிவராது.

வேண்டியது நடைபாதையோர இருக்கை, கழிவறைக்கு மூன்று நான்கு வரிசை தள்ளி. அதை முன்கூட்டியே தெரிவு செய்வதற்குப் பணம் கேட்டால் கட்டச் சொல்லுங்கள். யன்னலோரம் இருப்பவர்கள் குறைவாகவே எழும்புகிறார்கள் என்பதால் அங்கே ஆபத்தும் கூடுகிறது. நான் முதல்தடவை லண்டன் போனபோது மேகம் பார்க்கும் ஆசையில் யன்னலோரம் எடுத்து, பக்கத்தில் இரண்டு பேர் போர்த்திக்கொண்டு தூங்க, எழுப்பக் கூச்சப்பட்டுப் பதினொரு மணி நேரம் அப்படியே இருந்தேன். இறங்கும்போது சப்பாத்துக்குள் கால் நுழையவில்லை. பார்த்த மேகம் அரை மணி நேரத்துக்குத்தான்.

சிறு பிள்ளைகள் காலாட்டினால் "வீட்டுக்கு ஆகாது" என்று அதட்டுவோம் அல்லவா, விமானத்தில் அந்தச் சாத்திரத்தை ஒதுக்கி வையுங்கள். குதிக்காலை நிலத்தில் ஊன்றி விரல்களை மேலே தூக்குவதும், விரல்களை ஊன்றிக் குதிக்காலைத் தூக்குவதுமாக மணிக்கொரு தடவை முப்பது முறை செய்யுங்கள். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் நாளத்துக்குள் தேங்கிய குருதி மேலே தள்ளப்படுகிறது. இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து, ஆசனப்பட்டி விளக்கு அணைந்திருக்கும்போது, பின்பக்கம்வரை நடந்து வாருங்கள். காலுக்குச் செருப்பில்லாமல் மட்டும் நடக்க வேண்டாம். சீனியால் பாதம் மரத்தவருக்குச் சிறு கீறல் தெரியாது. கழிவறைத் தரையின் ஈரம் தண்ணீர்தான் என்ற உத்தரவாதமும் இல்லை. கால் வீங்கினாலும் இளக்கிப் போடக்கூடிய, ஒட்டுப்பட்டி வைத்த சாண்டல்ஸ் வாங்குங்கள்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சம்பந்தி வீட்டார் வருவார்கள், சாறியோடுதான் இறங்குவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சாறி பிரச்சினையில்லை, உள்ளே கட்டும் பாவாடை நாடாதான் பிரச்சினை. ஆகாயத்தில் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 1800 முதல் 2400 மீற்றர் வரையான உயரத்துக்குச் சமமாக இருக்கும். ஏறத்தாழ நுவரெலியாவில் அல்லது ஹோட்டன் சமவெளியில் இருப்பதுபோல. அந்த அழுத்தத்தில் வயிற்றிலுள்ள வாயு விரிந்து, இறுக்கிக் கட்டிய நாடா பதினான்கு மணி நேரமும் வெட்டும். கடலை, சோடா இரண்டையும் முதல் நாளே தவிருங்கள். தொளதொளத்த சல்வாரோ, இலாஸ்டிக் போட்ட பாவாடையோ உடுத்திக்கொண்டு போய், ரொறன்ரோவில் இறங்கியதும் கழிவறையில் சாறியை மாற்றிக்கொள்ளுங்கள். பைக்குள் காலைத் தாங்கிய சாறிதான் அது, கொஞ்சம் கசங்கியிருக்கும்.

அழுத்தக் காலுறை

உங்கள் நிலையில் முழங்காலுக்குக் கீழே போடும் அழுத்தக் காலுறையைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். கணுக்காலில் 15 முதல் 30 மில்லிமீற்றர் பாதரச அழுத்தம் தருவதுதான் பயணத்துக்கு உரியது. அறிகுறி காட்டாத குருதிக்கட்டிகளை இவை வெகுவாகக் குறைக்கின்றன என்று ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் பன்னிரண்டு வருடச் சீனியால் கால் நாடிகள் ஒடுங்கியிருந்தாலோ, பாதம் மரத்திருந்தாலோ, இறுக்கமான காலுறையே புண்ணை உண்டாக்கும். ஆகவே பாதத்தின் நாடித்துடிப்பையும் உணர்ச்சியையும் பரிசோதித்த பின்னரே வாங்க வேண்டும். மகள் இணையத்தில் பார்த்து அனுப்புவதைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். சுளுக்குக்குச் சுற்றும் பண்டேஜ் இதற்கு மாற்றாகாது. போட்ட பிறகு மேல் விளிம்பு சுருண்டு கீழே இறங்கினால் அது கயிறு கட்டியது போலாகிவிடும். அடிக்கடி நீவி விடுங்கள்.

இன்சுலினும் சாப்பாட்டுத் தட்டும்

இன்சுலின், ஊசி, சீனி பார்க்கும் கருவி, குளிசைகள் எல்லாம் கைப்பையிலேயே இருக்க வேண்டும். பெரிய பெட்டியோடு போனால் கீழறைக் குளிரில் இன்சுலின் உறைந்து பயனற்றுப் போகலாம், பெட்டியே தவறியும் போகலாம். திரவங்களுக்கு விதிக்கப்பட்ட 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு மருந்துக்குப் பொருந்தாது. ஆனால் வைத்தியரின் ஆங்கிலக் கடிதம் ஒன்றும், பெயர் ஒட்டிய பெட்டிகளும் கையில் இருந்தால் பேச்சு நீளாது.

தை மாதத்தில் ரொறன்ரோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. மேற்கே போகிறவருக்கு அந்த ஒரு நாள் முப்பத்துநான்கரை மணி நேரமாக நீள்கிறது. அதற்கேற்ப எந்த வேளை எத்தனை அலகு என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது. உங்கள் வைத்தியர் இலங்கை நேரத்தில் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும், நீங்கள் போய்ச் சேரும்வரை கைக்கடிகாரத்தை மாற்றக் கூடாது. நான்கு முதல் ஆறு மணிக்கொரு தடவை சீனி பாருங்கள். தட்டு உங்கள் முன்னால் வந்த பின்னரே ஊசி போடுங்கள். வாசனை வருகிறது, வண்டில் நாலு வரிசை தள்ளி நிற்கிறது என்று முந்திப் போட்டுவிட்டால், விமானம் குலுங்கி வண்டிலைத் திருப்பிக் கொண்டுபோனால் என்ன செய்வீர்கள்? சீனி நோயாளருக்கென்று தனிச் சாப்பாடு பதிவு செய்யத் தேவையில்லை. அதில் மாப்பொருள் குறைவாக இருப்பதுண்டு, வழமையான அலகு போட்டால் சீனி இறங்கிவிடும். கிரீம் கிரக்கர் ஒரு பக்கற்றும், குளுக்கோஸ் கொஞ்சமும் எப்போதும் மடியிலே இருக்கட்டும்.

சக்கர நாற்காலி

இதற்காக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. நீண்ட தூரம் நடக்க இயலாதவர், ஆனால் படி ஏறுவார், இருக்கைக்குத் தாமாகப் போவார் என்ற வகைப் பயணிகளுக்கு விமான சேவைகளிடம் தனிக் குறியீடே உண்டு. அது இலவச உதவி. வருத்தச் சான்றிதழோ விசேட மருத்துவ அனுமதியோ உங்களைப் போல நிலையாக இருப்பவரிடம் பொதுவாகக் கேட்பதில்லை. குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னர் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வளைகுடாவில் உங்களை ஓரிடத்தில் இருத்திவிட்டு உதவியாளர் போய்விடுவார், மூன்று மணி நேரமும் அந்த நாற்காலியிலேயே இருந்தால் கூட்டல் கணக்கில் இன்னும் மூன்று சேரும். கழிவறைக்குப் பக்கத்தில் விடச் சொல்லி, எழுந்து நடவுங்கள். ரொறன்ரோவில் குடிவரவு வரிசை தாண்டி வெளியே வருமுன் நாற்காலியிலிருந்து இறங்கிவிட உங்களுக்கு உரிமையுண்டு. சம்பந்தி வீட்டாருக்கு நடந்தே வந்து வணக்கம் சொல்லலாம்.

போய்ச் சேர்ந்த பின்னர்

இரண்டு கணுக்காலும் ஒரே அளவாக வீங்கி, இரண்டொரு நாளில் வற்றினால் பயமில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் நொந்து, சூடாகிச் சிவந்தால் அன்றே வைத்தியரைப் பார்க்க வேண்டும். சடுதியாக மூச்சு வாங்குவது, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துவது, இருமலில் குருதி வருவது ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் 911க்கு அழைக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு கிழமைதான் முக்கியம், என்றாலும் இரண்டு மாதம் வரை அவதானமாக இருங்கள். பிரசவ வீட்டு அமளியில் உங்கள் காலை யாரும் பார்க்க மாட்டார்கள். மருமகனிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது சீனியையும் பிரஷரையும் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் பணம் தர மறுத்துவிடுவார்கள்.

தைக்கு இன்னும் ஏழெட்டுக் கிழமை இருக்கிறது. கிளினிக் கொப்பியோடு அக்காவின் வைத்தியசாலைச் சீட்டின் பிரதியையும் எடுத்துக்கொண்டு அடுத்த கிளினிக் நாளிலேயே போய், காலுறைக்கு அளவும் கொடுத்துவிடுங்கள். காலையிலேயே போங்கள் ரீச்சர். பின்னேரம் அளந்தால் வீங்கிய காலின் அளவுதான் வரும்.